பொட்டியோட பவரா, பொட்டிக்கு வர்ற கேமா? கன்சோல் வாங்கப் போறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் எனக்கு வர்ற ஃபோன்ல பாதி இதான். "அண்ணே, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல 12 டெராஃப்ளாப்னு போட்டிருக்கு, பிஎஸ்5-ல 10 தான், அப்ப எக்ஸ்பாக்ஸ் தான பெருசு, அதையே எடுத்துரவா?" (ரெண்டும் டிவில மாட்டி கேம் ஆடுற பொட்டி, அதத்தான் கன்சோல்ங்கறது; பிஎஸ்னா சோனியோட பிளேஸ்டேஷன், டெராஃப்ளாப்னா பொட்டி எம்புட்டு வேகமா கணக்குப் போடுதுங்கற அளவு.) போன வாரம் என் அக்கா பையன் ஃபோன்கூட பண்ணல, காளவாசல்ல இருந்து வண்டிய எடுத்துட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டான். கூட அவன் ஃப்ரெண்டு ஒருத்தன். ஒருத்தன் பவரு பவருங்குறான், இன்னொருத்தன் "கேம் வராத பொட்டிய வச்சு என்னடா பண்றது, சாமி கும்புடவா"ங்குறான். டீ ஆறிப்போற வரைக்கும் சண்ட. நடுவுல என்னையப் பாத்து "மாமா நீங்க சொல்லுங்க"ன்னுட்டாய்ங்க.

அன்னைக்கு சொன்னதையும், அவிங்க போனப்புறம் தோணுனதையும் சேத்து இங்க எழுதுறேன். என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிருறேன், நான் கேம் பக்கம். ஆனா பவர் வேணாம்னு சொல்றவனும் இல்ல, அது எங்க ஒதவும் எங்க ஒதவாதுங்கறதுதான் விசயமே.

## மொதல்ல எத வச்சு அளக்குறது

கடைக்காரர் காட்டுற அட்டப்பொட்டில இருக்குற நம்பர வச்சு அளந்தா பதில் வராது. நான் பாக்குறது இது அஞ்சும்:

- நீங்க ஆட ஆசப்படுற கேம் அந்தப் பொட்டிக்கு வருதா, வந்தாலும் மத்தவங்களுக்கு வர்ற அன்னைக்கே முழுசா வருதா
- வந்த கேம் தெணறாம ஓடுதா
- அஞ்சு வருசத்துக்கு மொத்தச் செலவு எம்புட்டு (பில்லுல இருக்குறது மட்டும் இல்ல)
- ரிப்பேர் ஆனா எங்க தூக்கிட்டுப் போறது
- ஒங்க செட்டுப் பயலுக என்ன வச்சிருக்காய்ங்க

கடைசியா சொன்னத யாரும் பெருசா எடுக்க மாட்டாங்க, ஆனா நம்ம ஊருல அதுதான் மொத கேள்வியா இருக்கணும்னு நான் நெனைக்கிறேன். காரணம் என் சொந்தக் கத. நான் காலேஜ் படிக்கிறப்ப சித்தப்பா துபாய்ல இருந்து ஒரு பொட்டி கொண்டாந்தாரு, பேரு எதுக்கு, அது எங்க தெருவுல இருந்த எல்லா பிஎஸ்2-வையும் விட பவர் ஜாஸ்தி, நான் பத்து நாளு நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சேன். பதினோராவது நாளு பாத்தா எவன்கிட்டயும் மாத்தி ஆட ஒரு சிடி கெடையாது. அவிங்கெல்லாம் கிரிக்கெட் 07 ஆடிட்டு இருக்காய்ங்க, அது பிசிக்கும் பிஎஸ்2-வுக்கும் மட்டும்தான் வந்துச்சு. டபிள்யூடபிள்யூஇ ஹியர் கம்ஸ் த பெய்ன் 2003-ல வந்தது, அதுவும் பிஎஸ்2-வுக்கு மட்டும். சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபர்ல பிஎஸ்2-க்கு வந்து, எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் 2005 ஜூன்லதான் வந்துச்சு. என் பொட்டி ஷோகேஸ்ல இருந்துச்சு, நான் எதுத்த வீட்டுல உக்காந்து அடுத்தவன் கண்ட்ரோலருக்கு வரிசைல காத்துக் கெடந்தேன்.

## தேர்ட் பார்ட்டின்னா யாரு, அவிங்களுக்கு என்ன உறவு

சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூணும் பொட்டி செய்றவங்க. அவங்க சொந்தமா கேம் செஞ்சா அது ஃபர்ஸ்ட் பார்ட்டி. ஜிடிஏ செய்ற ராக்ஸ்டார், ஃபுட்பால் கேம் போடுற ஈஏ, கேப்காம், ஸ்கொயர் எனிக்ஸ் மாதிரி வெளில இருந்து கேம் செஞ்சு கொண்டாந்து குடுக்குறவங்க தேர்ட் பார்ட்டி. 1979-ல அடாரில சம்பளத்துக்கு கேம் செஞ்சுட்டு இருந்தவங்க, பேரும் இல்ல பங்கும் இல்லன்னு கோவத்துல வெளிய வந்து ஆக்டிவிஷன் ஆரம்பிச்சாங்க, அந்த வழக்கமே அங்கிட்டிருந்துதான் தொடங்குச்சு.

இத மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ட வச்சுப் பாத்தா லேசா புரியும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருந்து விடிகாலைல மல்லிய மூட்டையா கட்டிக் கொண்டார்ற விவசாயி எந்தக் கமிஷன் கடைல எறக்குறாரு? எந்தக் கட பெருசு, எதுல டைல்ஸ் போட்டிருக்குன்னு பாத்தா எறக்குறாரு? இல்லைல. யாரு கமிஷன் நியாயமா எடுக்குறா, யாரு எட சரியாப் போடுறா, பொண்ணு கல்யாணத்துக்கு யாரு அட்வான்ஸ் குடுத்தா, அங்கதான் எறக்குவாரு. கன்சோல் ஏவாரமும் அச்சு அசல் அதேதான். கட வாடகைக்குப் பதிலா பொட்டிக் கம்பெனி ஒவ்வொரு கேம்லயும் பங்கு எடுக்குது, ஆன்லைன் கடைல வழக்கமா 30 சதவீதம். அட்வான்ஸ் குடுத்து "ஒரு வருசம் எனக்கு மட்டும் குடு"ன்னு எழுதி வாங்குறதும் நடக்குது. என்ன ஒண்ணு, பூவு சாயங்காலம் வாடிரும், கேம் வாடாது, அதுனால ஒரு வருசம் கழிச்சு அடுத்த கடைக்கும் போகும்.

இப்ப ரெண்டு பக்கத்தையும் எடுத்து வச்சுப் பாப்போம்.

## பவர் பாத்து வாங்குனா

இந்தப் பக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கு, மொதல்ல அதச் சொல்லிருறேன். பொட்டிக்கு ஒரு அளவு பவர் இல்லைன்னா தேர்ட் பார்ட்டிக்காரன் வாசலோடயே திரும்பிருவான். 2012-ல வந்த நிண்டெண்டோவோட வீ யூ-வுக்கு ஜிடிஏ 5 வரவே இல்ல. அதே கம்பெனியோட ஸ்விட்ச்சுக்கு ஃபிஃபா 20-ல இருந்து 23 வரைக்கும் வந்தது எல்லாம் 'லெகசி எடிஷன்', டீம் லிஸ்ட்டும் ஜெர்சியும் மட்டும் மாத்தி பழைய சோத்தையே சூடு பண்ணிப் போட்டது. ஹிட்மேன் 3, கண்ட்ரோல் மாதிரி கேமெல்லாம் ஸ்விட்ச்சுல ஓட்ட முடியாம 'க்ளவுட் வெர்ஷன்'னு வந்துச்சு, கேம் எங்கயோ ஒரு சர்வர்ல ஓடும், நமக்குப் படம் மட்டும் வரும். ஆக பவர்ங்கறது ஒரு வாசப்படி மாதிரி. அந்த ஒசரத்தத் தாண்டலைன்னா உள்ள வர முடியாது.

ஆனா தாண்டுனதுக்கு மேல எவ்வளவு ஒசரமா இருந்தாலும் கொஞ்சந்தான் பிரயோசனம். 12 டெராஃப்ளாப்புக்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்த நம்ம வீட்டு 43 இன்ச் டிவில பத்தடி தள்ளி உக்காந்து கண்டுபுடிச்சா ஒங்களுக்கு ஒரு கறி தோச நான் வாங்கித் தர்றேன்.

இதுல இன்னொரு வில்லங்கம், பேப்பர்ல இருக்குற பவர் வேற, கேம் செய்றவன் கைக்கு எட்டுற பவர் வேற. 1994-ல சேகா கம்பெனி விட்ட சாட்டர்ன் பொட்டில ரெண்டு ப்ராசஸர். கேக்க நல்லாருக்கு, ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல வேல வாங்குறது அன்னைக்கு பெரிய தலைவலி, நெறைய பேரு ஒண்ண வச்சே ஒப்பேத்திட்டாங்க. 2006-ல வந்த பிஎஸ்3 அதவிட மோசம். செல் ப்ராசஸர்ல ஒரு மெயின் கோர், அதோட கேமுக்குக் கெடைக்கிற ஆறு குட்டிக் கோர், ஒவ்வொண்ணுக்கும் 256 கேபி தான் சொந்த மெமரி, எல்லாத்துக்கும் கேம் எழுதுறவனே கையால வேல பிரிச்சுக் குடுக்கணும். போதாததுக்கு மெமரியையும் 256, 256-ன்னு ரெண்டாப் பிரிச்சு வச்சாங்க. எக்ஸ்பாக்ஸ் 360-ல அதே 512 எம்பி ஒரே தொட்டியா கெடந்துச்சு, யாருக்கு எவ்வளவு வேணுமோ மோந்துக்கலாம். விளைவு என்னாச்சு, ரெண்டுலயும் வந்த பேயோனெட்டாங்கற கேம் பவர் ஜாஸ்தி இருக்குற பிஎஸ்3-ல தெணறுச்சு. 2011-ல ஸ்கைரிம் பிஎஸ்3-ல சேவ் ஃபைல் பெருசாக பெருசாக ஊர ஆரம்பிச்சுச்சு. 599 டாலர் பொட்டில 399 டாலர் பொட்டிய விட மோசமா கேம் ஓடுனா வாங்குனவன் யாரப் போயி கேக்குறது?

அதுக்கு அடுத்த பொட்டி பிஎஸ்4-ஐ டிசைன் பண்ணுன மார்க் செர்னி 2013-ல பேசுனப்ப ஒரு கணக்கு சொன்னாரு. புதுசா ஒரு பொட்டி கைக்கு வந்தா, கேம் செய்றவங்க அதப் புரிஞ்சு அடிப்படைய எழுப்பி மொத முக்கோணத்த (3டி படமெல்லாம் முக்கோணத்த ஒட்டி ஒட்டி வரையுறதுதான்) திரைல கொண்டார எத்தன மாசம் ஆகுதுங்கற கணக்கு. பிஎஸ்1-க்கு ஒண்ணு ரெண்டு மாசம், பிஎஸ்2-க்கு மூணுல இருந்து ஆறு, பிஎஸ்3-க்கு ஆறுல இருந்து பன்னெண்டு, பிஎஸ்4-க்கு மறுபடி ஒண்ணு ரெண்டு. இந்த ஒரு வரிக்குள்ள சோனியோட இருவது வருசக் கத இருக்கு. பிஎஸ்4 செய்யறதுக்கு முன்னாடி அவங்க வெளில இருக்குற கேம் கம்பெனிகள்ட்டப் போயி ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச பிசி மாதிரி ப்ராசஸரும் 8 ஜிபி ஒரே தொட்டி மெமரியும் வச்சாங்க. அக்கா பையன்ட்ட நான் அழுத்திச் சொன்னதும் இதத்தான். பவரும் உறவும் ரெண்டு தனித்தனி சாமான் இல்லடா, எழுதுறவனக் கேட்டு வச்ச பவர்தான் திரைக்கு வரும், கேக்காம வச்ச பவர் அட்டப்பொட்டிலயே நின்னுரும்.

## உறவு பாத்து வாங்குனா

இந்தப் பக்கத்துக்கு சாட்சி நெறையவே இருக்கு. 1996-ல நிண்டெண்டோ 64 வந்தப்ப பேருலயே 64 பிட், பிஎஸ்1 வெறும் 32. ஆனா நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ, அதாவது பொட்டில சொருகுற கேசட்ட, விடல. அதுல பெருசே 64 எம்பி, சிடில 650 எம்பி. கார்ட்ரிட்ஜ் செய்யச் செலவும் ஜாஸ்தி, ஆர்டர் போட்டு வாரக்கணக்கா காத்துக் கெடக்கணும், அதுக்கு முன்னாடி எண்பதுகள்ல வருசத்துக்கு அஞ்சு கேம்தான் போடலாம்னு கட்டுப்பாடு, அவங்க அனுமதி இல்லாத கேம ஓட விடாத லாக் சிப்புன்னு தேர்ட் பார்ட்டிகள கொஞ்சநஞ்ச பாடா படுத்தி வச்சிருந்தாங்க. அந்தக் கடுப்பும் சேந்துக்குச்சு. ஸ்கொயர் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ தூக்கிட்டு சோனி வீட்டுக்குப் போயிருச்சு, 1997-ல மூணு சிடில வந்துச்சு. பிஎஸ்1 10 கோடிக்கு மேல வித்துச்சு, நிண்டெண்டோ 64 மூணேகால் கோடியோட நின்னுச்சு.

சேகா கத அதவிட பரிதாபம். 1995 மே மாசம், செப்டம்பர்ல வரும்னு சொல்லிட்டு இருந்த சாட்டர்ன திடீர்னு "இன்னைலருந்து கடைல கெடைக்கும், 399 டாலர்"னு அமெரிக்காவுல அறிவிச்சாங்க. செப்டம்பர நம்பி கேம் செஞ்சுட்டு இருந்த தேர்ட் பார்ட்டி அம்புட்டு பேரும் வாயப் பொளந்துட்டு நின்னாங்க, சரக்கு கெடைக்காத கடைக்காரங்க வேற கோவத்துல இருந்தாங்க. அன்னைக்கே சோனிக்காரர் மேடையேறி "299"-னு ஒத்த வார்த்த சொல்லிட்டு எறங்கிட்டாரு. அடுத்து வந்த ட்ரீம்காஸ்ட் நல்ல பொட்டிதான், ஆனா ஈஏ அதுக்கு ஒரு கேம்கூட போடல, 2001 மார்ச்சோட கதைய முடிச்சுட்டாங்க.

| காலம் | பவர்ல முன்னாடி | விற்பனைல முன்னாடி |
|---|---|---|
| 1994-96 | நிண்டெண்டோ 64 | பிஎஸ்1, 10 கோடிக்கு மேல |
| 2000-01 | எக்ஸ்பாக்ஸ் | பிஎஸ்2, 15 கோடிக்கு மேல |
| 2005-06 | பிஎஸ்3 (பேப்பர்ல) | நிண்டெண்டோ வீ, 10 கோடிக்கு மேல |
| 2013 | பிஎஸ்4 | பிஎஸ்4, 11 கோடிக்கு மேல |
| 2017 | எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் | ஸ்விட்ச், 15 கோடிக்கு மேல |
| 2020 | எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் | பிஎஸ்5, 8 கோடிக்கு மேல |

2013 வரிய மட்டும் கவனிங்க, பவரும் விற்பனையும் ஒரே பொட்டில இருந்தது அங்க ஒண்ணுதான். அதுவும் எதுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்-ஐ விட 100 டாலர் கம்மி வெல. செர்னி வீடு வீடாப் போயி கேட்டாருன்னு சொன்னேன்ல, அந்தப் பொட்டி.

இந்தப் பக்கத்துலயும் ஓட்ட இருக்கு. உறவுங்கறது இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. 2011-ல ஈஏ மேடையேறி நிண்டெண்டோவோட இதுவரைக்கும் இல்லாத கூட்டணின்னு சொன்னாங்க, வீ யூ விக்கலன்னதும் அடுத்த ரெண்டு வருசத்துல ஆளக் காணோம். காசு குடுத்து வாங்குன உறவும் அப்புடித்தான். மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிசார்டையே 6,870 கோடி டாலர் குடுத்து 2023-ல வாங்குச்சு, சரி இனிமே எல்லாம் எக்ஸ்பாக்ஸ்லதான்னு எல்லாரும் நெனச்சா, 2025 ஏப்ரல்ல அவங்க சொந்தக் கேம் ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஏ பிஎஸ்5-ல வந்து நிக்குது. "அது இதுல மட்டும்தான் வரும்"னு நம்பி நாப்பது ஐம்பதாயிரம் போட்டவன் நெலமைய யோசிச்சுப் பாருங்க.

பவரும் உறவும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சதுக்கு பால்டர்ஸ் கேட் 3 நல்ல உதாரணம். 2023 செப்டம்பர்ல பிஎஸ்5-க்கு வந்துருச்சு, எக்ஸ்பாக்ஸ்க்கு வரல. ஏன்னா மைக்ரோசாஃப்ட் ரெண்டு பொட்டி விக்கிது, பெரிய சீரிஸ் எக்ஸ், சின்ன சீரிஸ் எஸ், எந்தக் கேமும் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடணும்னு விதி. சின்னதுல ரெண்டு பேரு ஒரே டிவில பிரிச்சு ஆடுற வசதி ஓட மாட்டேங்குது. கடைசில அந்தக் கேம செஞ்ச லேரியன் ஆளுகளும் மைக்ரோசாஃப்ட் ஆளுகளும் உக்காந்து பேசி, அந்த வசதி மட்டும் சின்னதுல வேணாம்னு விதிய தளத்துனப்புறம் டிசம்பர்ல வந்துச்சு. மூணு மாசம் தடுத்தது பவர், கதவத் தொறந்தது பேச்சு.

## நடுவுல நிண்டெண்டோ

வீ-யும் ஸ்விட்ச்சும் பட்டியல்ல இருக்கே, அதுகளுக்கு பவரும் இல்ல, பெரிய தேர்ட் பார்ட்டிக் கூட்டமும் முழுசா இல்லையேன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. அவங்க சொந்தமா சமைச்சு சொந்தமா பரிமாறுற மெஸ்ஸு மாதிரி, மாரியோவும் செல்டாவும் வேற எங்கயும் கெடைக்காது. சமையல் நல்லா அமைஞ்ச வருசம் வீ 10 கோடி, அமையாத வருசம் வீ யூ 1.35 கோடி, அன்னைக்கு தாங்கிப் புடிக்க தேர்ட் பார்ட்டி யாரும் பக்கத்துல இல்ல.

ஸ்விட்ச்சுல அவங்க புத்தி வந்து சின்னக் கம்பெனிகளுக்கும் நல்லா எடம் குடுத்தாங்க. புனேல செஞ்ச ராஜி, நம்ம புராணத்த வச்சு எடுத்த கேம், 2020 ஆகஸ்ட்ல மொதல்ல ஸ்விட்ச்சுக்குத்தான் வந்துச்சு, மத்ததுக்கெல்லாம் அக்டோபர்ல. இருக்குறதுலயே பவர் கம்மியான பொட்டில நம்ம நாட்டுக் கேம் மொதல்ல வந்தது எனக்கு ஒரு சந்தோசம்.

## பில்லுல வராத செலவு

பவர் பக்கம் போனா மொதல்ல டிவி. 4கே-ல செகண்டுக்கு 120 ஃப்ரேம் வேணும்னா ஹெச்டிஎம்ஐ 2.1 (பொட்டியோட கேபிள் சொருகுற போர்ட்டோட புது வகை) இருக்குற டிவி வேணும், அது பொட்டி வெலைக்கு மேல போகும். அடுத்து, கேம் சேத்து வைக்க உள்ள எடம். பிஎஸ்5 மொதல்ல வந்த மாடல்ல 825 ஜிபின்னு போட்டிருந்தாலும் கைக்குக் கெடைக்கிறது 667, சீரிஸ் எஸ்-ல 512-க்கு 364. கால் ஆஃப் டூட்டி ஒண்ணே 100 ஜிபிக்கு மேல முழுங்கும். பிஎஸ்5-ல கடைல விக்கிற எஸ்எஸ்டி வாங்கி நாமளே மாட்டிக்கலாம், எக்ஸ்பாக்ஸ்ல அதுக்குன்னே செஞ்ச கார்டுதான், வெல கூட. ரொம்ப பவர் வேணும்னு பிஎஸ்5 ப்ரோ கேட்டவங்களுக்கு ஒரு தகவல், 2024 நவம்பர்ல அது மத்த நாட்டுல வந்தப்ப இந்தியாவுக்கு வரல, அதுல இருக்குற வைஃபை அலைவரிசைக்கு இங்க அனுமதி இல்லன்னு.

கேம் பக்கம் போனா செலவு கேம்லதான். புதுசு ஒண்ணு ஐயாயிரம் கிட்ட வருது. அதுனால டிஸ்க் போடுற மாடல எடுங்க, டிஜிட்டல் எடிஷன் 2021-ல இங்க வந்தப்ப 39,990, டிஸ்க் மாடல் 49,990, பத்தாயிரம் மிச்சம்னு தோணும். ஆனா ஆடி முடிச்ச டிஸ்க்க வித்துட்டு அடுத்தத வாங்கலாம், ஃப்ரெண்டுகிட்ட மாத்திக்கலாம், ரெண்டு வருசத்துல அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துரும். டவுன்லோடு பண்ணுன கேம யாருக்கு விக்கிறது?

ரிப்பேரு. நிண்டெண்டோ இந்தியால நேரடியா விக்கிறதில்ல, மீனாட்சி பஜார்லயோ ஆன்லைன்லயோ கெடைக்கிறது எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்த சரக்கு. நான் ஒரு கடைல அப்புடி ஒண்ணு வாங்கி நாலே மாசத்துல கண்ட்ரோலர தொடாமலே கேம்ல ஆளு தானா நகர ஆரம்பிச்சு, கடைக்காரர்ட்ட கொண்டு போனா "தம்பி, கட வாரன்ட்டி ஒரு மாசம்"னு பில்லோட பின்பக்கத்தக் காட்டுனாரு. எழுத்து எறும்பு சைசுல இருந்துச்சு. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், மாசாமாசம் இபி ஷட்டவுன் அன்னைக்கு எங்க வீட்டுல ஓடுனது அது ஒண்ணுதான், அதுலதான் பேட்டரி இருக்கே.

## யாருக்கு எது

கிரிக்கெட், ஃபுட்பால், ஜிடிஏ, நண்பர்களோட மாத்தி ஆடணும்னா பிஎஸ்5, டிஸ்க் மாடல். நம்ம பக்கம் செட்டுல பெரும்பாலும் அதான் இருக்கு, டிஸ்க் கைமாறும். ஜிடிஏ 6-ம் பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ், எஸ் இதுகளுக்குத்தான் அறிவிச்சிருக்காங்க, தேதிதான் ரெண்டு தரம் தள்ளிப்போயி 2026 நவம்பர் 19-ல நிக்குது.

சந்தா கட்டி நூறு கேம்ல வாய் வச்சுப் பாக்கணும், நல்ல ஃபைபர் லைன் இருக்கு, டிஸ்க் வேணாம்னா எக்ஸ்பாக்ஸ். அதுவும் பவருக்காக இல்ல, கேம் பாஸ்ங்கற அந்தச் சந்தாவுக்காக. சின்னப் புள்ளைக இருக்குற வீடு, ஒரே டிவி, அதுலயும் அம்மாவுக்கு சீரியல் ஓடணும்னா ஸ்விட்ச், வாரன்ட்டி எழுத்த லென்ஸ் வச்சுப் படிச்சுட்டு.

பவர மட்டும் பாத்து வாங்குறது யாருக்கு சரின்னா, ஏற்கனவே நல்ல டிவி வச்சிருக்கான், அவன் ஆடுற கேம் எல்லாப் பொட்டிலயும் வருது, படம் சுத்தமா இருக்கணுங்கறது மட்டுந்தான் அவன் கவல, அவனுக்கு. அவன் என்னைய ஃபோன் பண்ணிக் கேக்க மாட்டான்.

அக்கா பையன்ட்ட ஒரு பேப்பரக் குடுத்து அடுத்த ஒரு வருசத்துல ஆடப்போற அஞ்சு கேம் எழுதுடான்னேன். எழுதுனான். நாலு எல்லாப் பொட்டிலயும் வருது. அஞ்சாவது ஃபைனல் ஃபேன்டஸி 16, பிஎஸ்5-ல 2023-லயே வந்தது, எக்ஸ்பாக்ஸ்க்கு ரெண்டு வருசம் கழிச்சு 2025-ல வந்துச்சு. "இப்பதான் ரெண்டுலயும் இருக்கே மாமா"ன்னான். இருக்குடா, அடுத்த கேமுக்கும் ரெண்டு வருசம் காத்திருப்பியான்னு கேட்டேன். பேச்சக் காணோம். அப்புறம் மெதுவா, "டிவிக்குப் பின்னாடி ஹெச்டிஎம்ஐ எத்தனன்னு போட்டிருக்குன்னு பாத்துட்டு கூப்புடுறேன் மாமா"ன்னுட்டு வண்டிய எடுத்தான். இன்னும் கூப்புடல, அந்த டிவி செவுத்துல ஆணியடிச்சு மாட்டுனது, கழட்டுறதுக்கு எங்க அக்கா விட்டிருக்க மாட்டா.